பரணிலிருந்து இறங்கிய கணினியும் அதன் ஏடுகளும்

நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு வீட்டுக் கணினியைத் துடைத்து, மின்சாரம் கொடுத்து, பழைய டி.வி.யோடு இணைத்தால் முதலில் திரை கறுக்கும். ஒரு நொடி கழித்து வெளுக்கும். பிறகு அடியில் ஒரே ஒரு வரி வரும்: "© 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்". இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த வரிதான் நாடித்துடிப்பு. அதைப் பார்த்ததும் வரும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஐந்து நிமிடம் போனால் ஒரு கேள்வியும் வந்துவிடும்: இனி இதில் எதைப் போடுவது?

கணினிக்குள் ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க் என்ற பேச்சே கிடையாது. 16 கிலோபைட் ரோமில் பேசிக் மொழி இருக்கிறது. 48 கிலோபைட் ராம் இருக்கிறது; பிளக்கைப் பிடுங்கினால் அது காலி. (பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும், அதில் சுவிட்ச் இல்லை.) விளையாட்டு, கடிதம் எழுதும் நிரல், வரவுசெலவுக் கணக்கு எல்லாமே வெளியே, கேசட்டில் இருந்தன. ஆகவே பழைய கணினிக்குத் திரும்புவதில் பாதி வேலை இரும்புச் சாமானோடு. மீதி, என் கணக்கில் பெரும்பாதி, அதற்கான மென்பொருளைக் கண்டுபிடிப்பது. அந்தப் பெரும்பாதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். எது தப்பியது, யார் தப்பவைத்தார்கள், இன்னும் எது தப்பவில்லை?

ஸ்பெக்ட்ரமை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த இந்தப் பெட்டிக்கு 16 கே வகையில் 125 பவுண்டும், 48 கே வகையில் 175 பவுண்டும் விலை. 50 லட்சத்துக்கு மேல் விற்றது. கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் நொடித்தபோது 1986இல் ஆம்ஸ்டிராட் அதன் கணினித் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. 1992 வரை ஏதோ ஒரு வடிவத்தில் விற்பனையில் இருந்தது. அதோடு எங்கள் வீட்டுப் பரணில் இருந்ததும் அதன் உறவுதான். இந்தியாவில் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1986இல் உரிமம் பெற்றுக் கொண்டுவந்த டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் அது. என் மாமா வாங்கியது. கும்பகோணத்து வீட்டை விற்பதற்கு முன் பரணை ஒழித்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. கூடவே பதினொரு கேசட்.

இரும்புச் சாமானைப் பற்றி இரண்டு எச்சரிக்கை மட்டும். சென்னை ரிட்சி தெருவில் ஒன்பது வோல்ட் அடாப்டர் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். ஸ்பெக்ட்ரமுக்கு நடுமுனை மைனஸ். மாற்றிச் செருகினால் உள்ளே புகையும். இன்னொன்று, பழைய பலகையில் உள்ள 4116 ராம் சில்லுகளுக்கு +5, -5, +12 என்று மூன்று வகை வோல்ட் வேண்டும். அவற்றை உண்டாக்கும் சின்னச் சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் போனால் சில்லுகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது. விசைப்பலகைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் சவ்வு காய்ந்து நொறுங்கியிருக்கும், புதிதாகச் செய்து விற்கிறார்கள். இவையெல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் தீர்கிற விஷயங்கள். மென்பொருள் அப்படியல்ல. அது ஒருமுறை போனால் போனதுதான்.

ஒலியாக இருந்த எழுத்து

கேசட்டில் நிரல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு பாடு என்பது புரியும். ஸ்பெக்ட்ரமில் ஜே விசையை அழுத்தினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் வந்து விழும். அதன் பிறகு இரண்டு மேற்கோள் குறி, என்டர். டேப் ரெக்கார்டரில் பிளே பட்டனைத் தட்டினால் முதலில் ஐந்து நொடிக்கு ஒரே சுருதியில் ஒரு நீண்ட ஒலி, ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ். திரையின் ஓரம் முழுக்கச் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். 'தகவல் வரப்போகிறது, தயாராக இரு' என்பதற்கான அறிவிப்பு அது. அடுத்து ஒரு சின்னக் கீறல் சத்தம். அந்த அரை நொடிக்குள் தலைப்பு வந்துவிடுகிறது: என்ன வகை, பத்தெழுத்துப் பெயர், எவ்வளவு நீளம், எல்லாம் 17 பைட்டில். மறுபடி நீண்ட ஒலி, பிறகு நிரல். இப்போது பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறியிருக்கும்.

பூஜ்யத்துக்குக் குட்டைத் துடிப்பு, ஒன்றுக்கு அதைப்போல் இருமடங்கு நீளத் துடிப்பு. அவ்வளவுதான் இலக்கணம். நொடிக்குச் சராசரி 1,400 பிட் அளவில் வந்து சேரும். 48 கிலோபைட் நிரம்ப ஏறத்தாழ ஐந்து நிமிடம். முதல் 6,912 பைட் பெரும்பாலும் ஒரு படம்: திரை மூன்று பங்காகப் பிரிந்து, கோடு விட்டுக் கோடு கறுப்புவெள்ளையில் நிரம்பி, கடைசி 768 பைட் வரும்போது மேலிருந்து கீழே நிறம் இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, ஐந்தாவது நிமிடத்தின் கடைசியில் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று வந்தால் அழுகையே வரும். ஒரு பிட் பிசகினால் போதும். இறுதியில் வரும் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது.

ஒலிநாடாவின் பகை பல. தலையும் நாடாவும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் மேல்சுருதி மங்கிவிடும். நாடாவை அழுத்திப்பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து உதிர்ந்துவிடும். நம் காவிரிக்கரை ஈரத்தில் பூஞ்சையும் பூக்கும். ஸ்பெக்ட்ரமுக்கென்றே 1983இல் வந்த மைக்ரோடிரைவ் என்ற குட்டி நாடாச்சுருள் இன்னும் மோசம்; அதன் உள்ளே இருக்கும் பஞ்சு இன்று தொட்டாலே பொடியாகிறது.

கேசட் ஒன்றே வழி என்றும் இல்லை. பத்திரிகைகளில் நிரல்கள் அச்சாகி வந்தன, உட்கார்ந்து விசைப்பலகையில் தட்டித்தான் ஏற்ற வேண்டும். வானொலியிலும் வந்தன. நிரல் என்பது ஒலிதான் என்றால் அதை ஒலிபரப்பவும் முடியும் அல்லவா? 1983இல் பெல்கிரேடு 202 வானொலியில் ஸோரான் மோட்லி நடத்திய நிகழ்ச்சி ஒன்று பாட்டுகளுக்கு நடுவே நிரல்களை அப்படியே காற்றில் அனுப்பியது. கேட்டவர்கள் டேப்பில் பதிந்து தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். மென்பொருள் ஒரு ஊரின் மேல் மழைபோல் பெய்த காலம் அது. எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

படியெடுத்தது பிழைத்தது

இன்று ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர் ஒருவர் இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கான நிரல்கள் சில நிமிடத்தில் கைக்கு வரும். இதை யார் சாதித்தார்கள்? தயாரித்த நிறுவனங்கள் அல்ல. அவற்றில் பல 1980களின் நடுவிலேயே மூடிவிட்டன. மூல நாடாக்கள் குப்பைக்குப் போயின. சாதித்தவர்கள் வீட்டில் கேசட்டை வைத்திருந்த சாதாரண ஆட்கள்.

1990களின் தொடக்கத்தில் கெர்டன் லுன்டர் எழுதிய 'இசட்80' போன்ற எமுலேட்டர்கள் வந்தன. எமுலேட்டர் என்றால் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியாக நடிக்கும் நிரல். அதில் ஓட்டுவதற்காக ஆட்கள் தங்கள் கேசட்டுகளைக் கோப்புகளாக்கினார்கள். 1995இல் மார்ட்டின் வான் டெர் ஹெய்டே 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' என்ற சேகரத்தைத் தொடங்கினார். அவர் அடுக்கிவைத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுதியவர் யார், வெளியிட்டவர் யார் என்று தேடி, அனுமதி கேட்டு, மறுத்தவர்களுடையதை விலக்கிவைத்து, பட்டியலிட்டார். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடியதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த உழைப்பு அந்நியமாகத் தெரியாது.

ஏட்டோடு ஒப்பிடுவதை நான் அலங்காரத்துக்காகச் செய்யவில்லை. சுவடிக்கு வந்த சிக்கல்களே இங்கும் வருகின்றன. முதலாவது, பாயிரம் இழந்த நூல். தொடக்கத்தில் எமுலேட்டர்காரர்கள் ஆட்டம் ஏறி முடிந்த நிலையில் ராமை அப்படியே படம்பிடித்துச் சேமித்தார்கள். 49,179 பைட்டில் ஒரு கோப்பு. ஆட்டம் ஓடும். ஆனால் ஏறும்போது வந்த படம் இல்லை, கேசட்டின் மறுபக்கத்தில் இருந்தது இல்லை, ஏற்றும் முறையே இல்லை. இது போதாது என்று உணர்ந்து, நாடாவில் உள்ள ஒவ்வொரு துடிப்பின் நீளத்தையும் குறித்துவைக்கும் டிஇசட்எக்ஸ் என்ற கோப்பு வடிவத்தை 1990களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். பாயிரத்தோடும் உரையோடும் நூலைப் பதிப்பிப்பதற்குச் சமம் அது. இன்று யாராவது புதிதாகக் கேசட்டைக் கோப்பாக்கினால் இந்த வடிவத்தில்தான் செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது, பாடபேதம். மேத்யூ ஸ்மித் பதினேழு வயதில் எழுதிய 'மேனிக் மைனர்' 1983இல் பக்-பைட் வெளியீடாக வந்தது. பிறகு சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ் அதையே மறுபடி வெளியிட்டது. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் சில அறைகளில் வரும் பூதங்கள் வேறு. ஆட்டத்தில் குறுக்குவழி திறக்கும் ரகசியச் சொல் முதல் பதிப்பில் 6031769 என்ற எண், இரண்டாவதில் 'டைப்ரைட்டர்' என்ற சொல். எது மூலம், எது திருத்தம் என்று குறிப்பு எழுதாமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் மற்றது அழிந்துவிடும்.

இதைவிடக் கடினமான உதாரணம் அவரே 1984இல் எழுதிய 'ஜெட் செட் வில்லி'. அதில் மாளிகையின் பரணறைக்குள் ஒருமுறை போய்விட்டால், அதன் பிறகு வேறு சில அறைகளில் காலடி வைத்ததுமே உயிர் போகும். அது நச்சுக்காற்று, வேண்டுமென்றே வைத்தது என்று வெளியீட்டாளர் முதலில் சொன்னார். பிறகு பிழை என்று ஒப்புக்கொண்டு, திருத்துவதற்கான எண்களைக் கொடுத்தார். அப்படியானால் காக்கவேண்டியது எதை? பிழையோடு இருந்ததையா, திருத்தியதையா? ஆடுகிறவருக்குத் திருத்தியது வேண்டும். வரலாற்றுக்குப் பிழையும் வேண்டும். இரண்டையும் வைத்து, எது எது என்று எழுதிவைப்பதுதான் சரி.

மூன்றாவது, பெயர் மட்டும் மிஞ்சிய நூல். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதால் மட்டும் நமக்குத் தெரியவரும் நூல்களின் கணக்கு அது. ஸ்பெக்ட்ரம் சேகரிப்பாளர்களிடமும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பழைய பத்திரிகையில் விளம்பரம் இருக்கும், சிலவேளை விமர்சனம்கூட இருக்கும், கேசட் மட்டும் இருக்காது. அவ்வப்போது யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஒன்று கிடைத்து, பட்டியலில் ஒரு வரி குறையும். பெரிய வெளியீடுகள் இதில் இல்லை. சின்ன ஊர்களில் ஒரு ஆசிரியரோ மாணவரோ எழுதி, கையால் லேபிள் ஒட்டி, தபாலில் ஐம்பது நூறு விற்றவைதான் தொலைந்தன.

அழியாமல் காத்தது எது என்று பார்த்தால் ஒரு உண்மை புலப்படும். அன்றைக்கு நிறுவனங்கள் படியெடுப்பதைத் தடுக்க என்னென்னவோ செய்தன. 'ஜெட் செட் வில்லி'யோடு நிறக்கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று வந்தது. ஆட்டம் கேட்கும் கட்டத்தின் நிறங்களைச் சொன்னால்தான் உள்ளே விடும். கலர் ஜெராக்ஸ் எளிதில் கிடைக்காத காலம் என்பதால் அது பூட்டாக வேலை செய்தது. 'எலைட்' ஆட்டத்தின் ஸ்பெக்ட்ரம் பதிப்போடு லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் வில்லை வந்தது. திரையில் சிதறிக்கிடக்கும் எழுத்தை அதன் வழியே பார்த்துப் படிக்கவேண்டும். சில பிரதிகளோடு தவறான வில்லை போய்ச் சேர்ந்து, காசு கொடுத்தவர்களே ஆட முடியாமல் நின்றார்கள். துடிப்புகளின் வேகத்தை மாற்றிப் பதியும் ஸ்பீட்லாக் வகைப் பூட்டுகளும் வந்தன. இரண்டு டேப் ரெக்கார்டரை எதிரெதிரே வைத்துப் படியெடுத்தவர்களை அன்று திருடர்கள் என்றார்கள். எழுதியவருக்கு வரவேண்டிய காசு அதனால் குறைந்தது உண்மை, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் இன்று நம் கையில் இருப்பவற்றில் ஏராளமானவை அந்தப் படிகளின் வழியாகத்தான் வந்தன. அட்டையும் வில்லையும் தொலைந்த பிரதிகள், பூட்டை உடைத்தவர் ஒருவர் இருந்தால் மட்டுமே இன்று திறக்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957. அதில் 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் கொண்டுவந்தது. பிரிட்டன் 1985இல் தனிச் சட்டமே போட்டது. இலக்கியப் படைப்பு என்றால் நம் நாட்டில் எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. பதினேழு வயதில் ஒருவர் எழுதிய ஆட்டத்துக்கு அந்தக் காலம் முடியும்போது அதைப் பதிந்த நாடாவில் காந்தப்பூச்சே இருக்காது. 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்று ஆர்வலர்கள் சொல்லும் வகை சட்டத்தில் எங்கும் இல்லை.

இருந்தாலும் வழி முழுக்க அடைபட்டிருக்கவில்லை. நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலின் ஒரு பிரதியை முறையாக வைத்திருப்பவர் அது தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பரணில் கேசட் வைத்திருக்கும் எவரும் அதைக் கோப்பாக்க இதுவே போதும். பொதுவில் பகிர்வதுதான் வேறு கேள்வி. அதற்கு முன்மாதிரியாக ஒரு நிகழ்ச்சி உண்டு. எந்த எமுலேட்டருக்கும் ஸ்பெக்ட்ரமின் 16 கிலோபைட் ரோம் வேண்டும். அதன் உரிமை அப்போது ஆம்ஸ்டிராடிடம் இருந்தது. 1999இல் அந்நிறுவனத்தின் சார்பில் கிளிஃப் லாசன், எமுலேட்டர்களோடு ரோமைச் சேர்த்துக் கொடுக்கலாம், உள்ளே இருக்கும் பதிப்புரிமை வரியை மட்டும் மாற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வக்கீல் நோட்டீசு இல்லை, பணம் இல்லை. சில வரிகளில் ஒரு மொத்த உலகத்துக்கு உயிர் வந்தது. எத்தனையோ பழைய கணினிகளுக்கு இப்படி எழுதிக்கொடுக்க ஆள் இல்லை. 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று சொல்கிறது. விற்கவும் மாட்டோம், பகிரவும் விடமாட்டோம் என்று இருக்கும் உரிமையாளர்களின் நிலைப்பாட்டுக்கு என்னால் எந்த நியாயமும் காணமுடியவில்லை.

கோப்பிலிருந்து பெட்டிக்கு

கோப்பு கிடைத்துவிட்டது, அதைப் பழைய பெட்டிக்குள் எப்படி ஏற்றுவது? பலபேர் எமுலேட்டரோடு நின்றுவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பெட்டியே கையில் இருக்கும்போது அதில்தான் ஓட்டவேண்டும் என்ற ஆசை நியாயமானது.

மிக எளிய வழி செல்போன். கோப்பை மறுபடி ஒலியாக மாற்றி, இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் எடுத்து, கணினியின் 'இயர்' துளையில் செருகி, சத்தத்தை முழுக்க வைத்து ஓடவிட்டால் போதும். கணினிக்கு அது டேப் ரெக்கார்டரா செல்போனா என்று தெரியாது. நடுவில் ஒரு வாட்ஸாப் மணி அடித்தால் மட்டும் ஐந்து நிமிடமும் வீண். விமானப் பயன்முறையில் போட்டுவிடவேண்டும். அடுத்த வழி, பெட்டியின் பின்பக்க விளிம்பில் செருகும் டிவ்எம்எம்சி போன்ற சிறு பலகை. அதில் எஸ்டி கார்டு போட்டால் ஸ்பெக்ட்ரமுக்காக வந்த ஏறக்குறைய எல்லா நிரலும் ஒரு விரல்நக அளவில் அடங்கும், ஒரு நொடியில் ஏறும். நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். வேலைக்குக் கார்டு நல்லது. ஆனால் ஒரு நிரலை முதல்முறை பார்க்கும்போது ஒலியாகவே ஏற்றுகிறேன். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பும் அந்தப் படைப்பின் பகுதிதான். எழுதியவர்கள் அதைத் தெரிந்தே அந்த முகப்புப் படத்தை வரைந்தார்கள்.

பழையதைத் தேடிப் போகிறவர்கள் எதிர்பாராத ஒன்று, புதியதும் வந்துகொண்டே இருப்பது. ஸ்பெக்ட்ரமின் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டு நிறம்தான். ஓடுகிற உருவம் பக்கத்துக் கட்டத்து நிறத்தையும் பூசிக்கொண்டு போகும். அந்தக் குறையை மிக நுட்பமான நேரக்கணக்கால் தளர்த்தும் நிரல்நூலகங்களை, இயந்திரம் கடையை விட்டுப் போய் இருபது ஆண்டுக்குப் பிறகு எழுதினார்கள். ஒவ்வொரு வருடமும் புது ஆட்டங்கள் வருகின்றன. மூல வடிவமைப்பாளர் ரிக் டிக்கின்சனே வரைந்த 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' 2017இல் மக்களிடம் நிதி திரட்டி 2020இல் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை, 2018இல் இறந்துவிட்டார். 2024 நவம்பரில் பழைய ரப்பர் விசைகளோடு, 48 ஆட்டங்களை உள்ளே வைத்து 'தி ஸ்பெக்ட்ரம்' என்ற பெட்டியும் கடைக்கு வந்தது.

கிழக்கு ஐரோப்பாவும் ரஷ்யாவும் தனிக் கட்டுரைக்கு உரியவை. லெனின்கிராட், பென்டகன், டிடாக்டிக் என்று உள்ளூர்ப் பெயர்களில் ஸ்பெக்ட்ரம் அங்கே மறுபிறவி எடுத்தது. அங்கே எழுதப்பட்ட நிரல்களையும் அந்தந்த மொழிக்காரர்கள் திரட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தியா? 1984–85இல் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில் வந்தது பிபிசி மைக்ரோ. மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்தது. வீடுகளுக்கு டிபி ஸ்பெக்ட்ரம் ஆயிரக்கணக்கில் வந்தது. இவற்றில் நம் ஆசிரியர்களும் பிள்ளைகளும் அப்பாக்களும் நிரல் எழுதினார்கள். இங்கிலாந்தில் எழுதியதில் பெரும்பகுதியை ஆர்வலர்கள் தேடி எடுத்துவிட்டார்கள். நாம் எழுதியதை நாம்தான் தேடவேண்டும்.

மாமாவின் பதினொரு கேசட்டில் ஒன்பது, வாங்கிய ஆட்டங்களின் படிகள். அவற்றில் புதிதாகக் காப்பாற்ற எதுவும் இல்லை, எல்லாம் ஏற்கெனவே சேகரத்தில் உண்டு. பத்தாவது ஓடவே இல்லை. பதினொன்றாவது ஒரு முருகன் பாட்டுக் கேசட். மேல் விளிம்பில் பதிவைத் தடுக்கும் துளைக்கு மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பாட்டின் மேல் எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அதுலயா? பி பக்கம் போடுடா. பாப்பாவுக்கு அ, ஆ சொல்லித்தர ஒண்ணு எழுதினேன். இருக்கான்னு பாரு."

டேப் ரெக்கார்டரின் தலையருகே ஒரு குட்டித் திருகாணி உண்டு. கேசட் ஓடும்போதே மெல்லிய திருப்புளியால் அதை மயிரிழை திருப்பிக்கொண்டே காதை வைத்துக் கேட்டேன். மந்தமாக இருந்த ஒலி ஓர் இடத்தில் சட்டென்று கூர்மையானது. அங்கேயே நிறுத்தி, மடிக்கணினியில் பதிந்து, கோப்பாக்கினேன். முதல் இரண்டு முறை சரிபார்ப்பு எண் ஒக்கவில்லை. மூன்றாவது முறை ஒத்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத பதிவு, 9 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. அது முடிந்த இடத்தில், நடு அடியில், முருகன் பாட்டு தொடர்ந்தது.

நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் அவர் பட்ட பாடு தெரிந்தது. ஸ்பெக்ட்ரமில் நாமே எழுத்து வரைந்துகொள்ள 21 இடம் தருகிறார்கள். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. தமிழுக்கு உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்த்தாலே 31. ஞ, ண, ஐ போன்றவை ஒரு கட்டத்தில் அடங்காது, இரண்டிரண்டு வேண்டும். கொம்பும் காலும் புள்ளியும் வேறு. மாமா 23675 என்ற நினைவக முகவரியில் உள்ள எண்ணை மாற்றி, 21 எழுத்துக் கொத்துகளாக நான்கை அடுக்கிவைத்து, ஒரு சொல்லுக்கு நடுவிலேயே கொத்து மாற்றியிருந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு எண். கோடு போட்ட நோட்டில் புள்ளி வைத்து, கூட்டி, தட்டியிருக்கிறார். இது எந்தச் சேகரத்திலும் இல்லை. அந்தச் செல்லோடேப் ஒட்டிய நாடாவில் மட்டும் இருந்தது.

டி.வி.யில் ஓடவிட்டு வீடியோ காலில் காட்டினேன். அ, ஆ, இ என்று மெதுவாக வந்தது. மாமா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ழ வந்ததும், "நிறுத்து, நிறுத்து" என்றார். "சுழி அடைச்சுட்டு இருக்கு பாரு. அதுக்கு ஏழாவது நம்பர் என்ன?"

பார்த்துச் சொன்னேன். "63, மாமா."

"36டா அது! தலைகீழாத் தட்டிட்டேன் போலிருக்கு. ராத்திரி பன்னெண்டு மணி இருக்கும் அப்ப. மாத்திடு."

36 என்றால் இரண்டு புள்ளி, நடுவில் இடைவெளி. 63 என்றால் ஆறு புள்ளியும் சேர்ந்த ஒரே கோடு. மாற்றினேன், சுழி திறந்துகொண்டது. நாடாவில் இருந்தபடி 63 உள்ள கோப்பைத் தொடாமல் தனியே வைத்தேன். திருத்தியதை அதே பெயரோடு 2 என்று சேர்த்து, ஆசிரியர் திருத்தம் என்று தேதி போட்டு, பக்கத்தில் வைத்தேன்.